ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம்: துயரத்துக்கு முழு மதிப்பெண், வாதத்துக்குப் பாதி

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 200 யென். மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு 100, அதற்குக் கீழே இலவசம். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டி 400 யென், அதாவது டிக்கெட்டைப்போல இரண்டு மடங்கு. காசுக்குத் தகுந்ததா என்று கேட்கவே தேவையில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம். போர்க்காலத்தில் அணுகுண்டு போட்டது சரியா, தவறா என்ற கேள்வியோடு உள்ளே போகிறவருக்கு இந்த இடம் என்ன தருகிறது? நான் அந்தக் கேள்வியோடுதான் போனேன். கூட வந்த தம்பி பதிலையே கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

அவன் பதில் தாத்தாவிடமிருந்து வந்தது. நாங்கள் மலேசியாவில் தோட்டத்து வழி வந்த குடும்பம். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் அந்த 415 கிலோமீட்டர் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். செத்தவர்கள் 12,000-க்கும் மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு, அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெருங்கூட்டம். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு மதிப்பீடுகள்தான் உண்டு, பெயர்ப் பட்டியல் கிடையாது. பாதை முடிந்த பிறகும் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று தாத்தாவைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1945 ஆகஸ்டில்தான் விட்டார்கள். "அந்தக் குண்டு மட்டும் விழலேன்னா நான் ஏது, உங்கப்பன் ஏது?" என்பார். எங்கள் வீட்டில் ஹிரோஷிமா என்றால் அதுதான் அர்த்தம்.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருவோம். டிராமில் வந்து அணுகுண்டுக் குவிமாடம் நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றைத் தாண்டிப் பூங்கா வழியாக நடக்கலாம். கட்டடம் கென்சோ டாங்கே வடிவமைத்தது, 1955-இல் திறந்தது. தூண்களின்மேல் தூக்கி நிறுத்திய நீளமான கான்கிரீட் பெட்டி. அடியில் நின்றால் நினைவு மேடையும் அதற்குப் பின்னால் குவிமாடமும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். நுழைவு கிழக்குக் கட்டடத்தில். மாடிக்கு ஏறியதும் வட்டமான ஒரு மாதிரி நகரத்தின்மேல் ஒளிப்படக் காட்சி ஓடுகிறது: ஆறுகள், பாலங்கள், ஓட்டு வீடுகள், அப்புறம் மேலேயிருந்து ஒன்று விழுகிறது, பிறகு நகரம் இல்லை. அங்கிருந்து பிரதான கட்டடம், அதை முடித்துவிட்டு மறுபடி கிழக்குக் கட்டடம். இந்த வரிசை தெரியாமல் போனால் சிக்கல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரதான கட்டடம் 2019-இல் புதுப்பித்துத் திறந்தது. இருட்டு, மெல்லிய வெளிச்சம், சுவரை ஒட்டி நகரும் கூட்டம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிற இடம். கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றின் முன்னாலும் காத்திருந்துதான் பார்க்க முடியும். ஆனால் யாரும் இடிப்பதில்லை, யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. முன்பு இங்கே தோல் உரிந்து தொங்கும் மெழுகுப் பொம்மைகள் இருந்தன. 2017-இல் அவற்றை எடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது, பயங்கரத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது இருப்பவை எல்லாம் நிஜப் பொருட்கள், அவை போதும்.

வெடித்த இடத்திலிருந்து 260 மீட்டரில் இருந்த வங்கியின் கல்படி ஒன்று. திறக்கும் நேரத்துக்காக அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். சுற்றியிருந்த கல் வெளுத்துப்போக, அவர் இருந்த இடம் மட்டும் கருப்பாக நிற்கிறது. கரிந்த சாப்பாட்டுடன் ஒரு பள்ளி மாணவனின் டப்பா. மூன்று வயதுப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிள். அப்பா அதைப் பிள்ளையோடு சேர்த்து வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார், 1985-இல் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோதுதான் சைக்கிளை இங்கே கொடுத்தார். குண்டு வெடித்த பிறகு பெய்த கதிரியக்கக் கருப்பு மழை வழிந்த கோடுகளோடு ஒரு வெள்ளைச் சுவர்த் துண்டு. அன்றைக்கு மியூக்கி பாலத்தில் யோஷித்தோ மாட்சுஷிகே என்ற பத்திரிகைப் படக்காரர் எடுத்த படங்களும் இருக்கின்றன. எரிந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் அவருக்குக் கேமராப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லையாம். அந்த நாளில் அவர் எடுத்ததில் மிஞ்சியவை 5 படங்கள்.

என்னை அதிகம் நிறுத்தியது பள்ளிச் சீருடைகள்தான். 12, 13 வயதுப் பிள்ளைகளை, விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அரசு இறக்கியிருந்தது. திறந்த வெளியில், நகரத்தின் நடுவில், காலை 8:15-க்கு. அந்தப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். ஒரு அரசு பிள்ளைகளைக் கட்டாயமாக வேலைக்கு நிறுத்தியது, இன்னொரு அரசு அவர்கள் தலையில் போட்டது. சீருடைகளுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது சின்னக் குறிப்புதான்: எங்கே நின்றான், யார் தேடி வந்தார்கள், என்ன கிடைத்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கட்டடத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

முழு மதிப்பெண் இதுவரைக்கும். இனி பாதி.

அழுத கண்ணோடு வெளியே வரும் கூட்டத்தில் பெரும்பகுதி, கிழக்குக் கட்டடத்தின் மீதிப் பகுதியை நடந்துகொண்டே கடந்துவிடுகிறது. ஒபாமா 2016-இல் வந்தபோது மடித்துக் கொடுத்த காகிதக் கொக்குகளுக்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறார்கள். (அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.) ஆனால் குண்டு ஏன் செய்யப்பட்டது, ஏன் இந்த நகரம், ஏன் ஆகஸ்ட் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது, பலகைகளிலும் தொடுதிரை மேசைகளிலும். தகவல் இருக்கிறது, தேடுகிறவனுக்குக் கிடைக்கும். சண்டை இல்லை. இந்தக் கேள்வியில் எண்பது ஆண்டுகளாக நல்ல மூளைகள் மோதிக்கொண்டிருக்கின்றன, அந்தச் சூடு பலகைகளில் ஏறவில்லை.

எடுத்துக்காட்டாக, நகரத்தைத் தேர்ந்தெடுத்த கதை. அமெரிக்கப் போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் கியோட்டோவைப் பட்டியலிலிருந்து அடித்தார். அது பழைய தலைநகரம், பண்பாட்டு நகரம், அதை அழித்தால் ஜப்பானியர் ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஹிரோஷிமாவில் இரண்டாம் பொதுப்படையின் தலைமையகம் இருந்தது, உஜினா துறைமுகத்திலிருந்து போர்முனைக்குப் படைகள் போயின. ஆக ராணுவ இலக்கு என்று சொல்ல இடமுண்டு. ஆனால் குண்டுக்குக் குறிவைத்த புள்ளி படைத் தலைமையகமும் இல்லை, துறைமுகமும் இல்லை. நகரத்தின் நட்டநடுவில் இருந்த, மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்துப்போலத் தெரியும் அயோய் பாலம். கொஞ்சம் விலகி ஒரு மருத்துவமனைக்கு மேல் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஜூலை 25-ஆம் தேதி நாட்குறிப்பில், இலக்கு ராணுவமும் படைவீரர்களும்தான், பெண்களும் குழந்தைகளும் இல்லை என்று எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 1,40,000. நாகசாகிக்குப் பிறகு, இனி என் உத்தரவு இல்லாமல் போடக்கூடாது என்று நிறுத்தியவரும் அவரே. இன்னொரு லட்சம் பேரை, அத்தனை குழந்தைகளை அழிக்கிற நினைப்பே கொடுமையாக இருக்கிறது என்று அமைச்சரவையில் சொன்னதாக அவருடைய வர்த்தக அமைச்சர் ஹென்றி வாலஸின் நாட்குறிப்பு சொல்கிறது. முடிவெடுத்தவனுக்கே உறுத்திய இடம் அது. இந்த இரண்டு நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விளக்கவுரையும் வேண்டாம்.

தொடுதிரை மேசைக்குப் பக்கத்தில்தான் எனக்கும் தம்பிக்கும் தொடங்கியது.

"அக்கா, ஒகினாவாவுல என்னாச்சுன்னு பாரு. அந்த மாதிரி இன்னும் நாலு எடம் நடந்திருக்கும்."

அவன் சொன்னது தப்பில்லை. 1945 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில் நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் 12,000-க்கும் மேல் செத்தார்கள். ஜப்பானியப் படையும் ஒகினாவா மக்களும் சேர்த்து இரண்டு லட்சத்துக்குப் பக்கம். அடுத்து ஜப்பானின் கியூஷு தீவில் நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்கப் படை இறங்குவதாகத் திட்டம். அதைவிட எங்களுக்கு நெருக்கமான ஒன்று, பலருக்குத் தெரியாதது: செப்டம்பரில் மலாயாக் கரையில் பிரிட்டிஷ் படையை இறக்க 'ஜிப்பர்' என்ற திட்டம் தயாராக இருந்தது. போர் ஆகஸ்டில் முடியாமல் இருந்திருந்தால் சண்டை நம் தோட்டங்களுக்குள் நடந்திருக்கும். இதெல்லாம் தாத்தாவின் பக்கம் சேரும் கணக்கு.

ஆனால் "குண்டுதான் முடித்தது" என்பதும் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட உச்ச போர்க்குழு கூடியது. ஹிரோஷிமா போய் மூன்று நாள் ஆகிவிட்டது. அன்று அதிகாலைதான் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்திருந்தது. கூட்டம் நடக்கும்போதே நாகசாகிச் செய்தி வருகிறது. அப்போதும் வாக்கு மூன்றுக்கு மூன்று! இரவில் பேரரசர் தலையிட்ட பிறகுதான் முடிவு வந்தது. குண்டா, ஸ்டாலினா, இரண்டுமா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். 1947-இல் ஸ்டிம்சன் எழுதிய கட்டுரையில் வந்த "பத்து லட்சம் அமெரிக்க உயிர்ச்சேதம், காயம்" என்ற எண்ணுக்கு ஆதாரம் எவ்வளவு என்பதிலும் அதே கதைதான். அப்புறம் மூன்று நாள் இடைவெளியில் நாகசாகி எதற்கு? முதலில் குறிவைத்த கொக்குரா புகையிலும் மேகத்திலும் மறைந்திருந்ததால் விமானம் திரும்பி நாகசாகிக்குப் போனது. முதல் குண்டை ஆதரிக்கிறவர்களில்கூடப் பலர் இரண்டாவதில் தடுமாறுவார்கள். தம்பியும் தடுமாறினான்.

குண்டை ஆள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்பது பின்னால் வந்த ஞானம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. சிக்காகோவில் இருந்த விஞ்ஞானிகள் ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் 1945 ஜூனிலேயே அதை எழுதிக் கொடுத்தார்கள். ஜூலையில் லியோ சிலார்டு 70 பேர் கையெழுத்தோடு மனு எழுதினார். ஓப்பன்ஹைமர், ஃபெர்மி இருந்த, அரசுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகள் குழு, வெறும் செய்துகாட்டல் போரை முடிக்காது என்று சொல்லிவிட்டது. குண்டைச் செய்த கைகளுக்குள்ளேயே இந்த வாதம் நடந்திருக்கிறது. எனக்கு இந்த அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறையே இதற்கு வேண்டும்.

அந்த அறையில் இரண்டு பேரைக் கட்டாயம் வைப்பேன். ஒருவர் ராதாபினோத் பால். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் உட்கார்ந்த இந்திய நீதிபதி. ஜப்பானியத் தலைவர்கள் எல்லாரையும் விடுவிக்க வேண்டும் என்று தனியாகத் தீர்ப்பு எழுதினார். பசிபிக் போரில் நாஜித் தலைவர்களின் உத்தரவுகளுக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒன்று உண்டென்றால் அது அணுகுண்டு போட எடுத்த முடிவுதான் என்பது அதில் அவர் வாதம். ஜப்பானில் அவரைக் கொண்டாடுகிறார்கள். சயாம் ரயில் பாதையில் ஆள் இழந்த குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பின் முதல் பாதி நெஞ்சில் இறங்காது, எனக்கும் இறங்கவில்லை. இரண்டாம் பாதியை மறுக்கவும் முடியவில்லை.

இன்னொருவர் எலிசபெத் ஆன்ஸ்கோம், ஆங்கிலேயத் தத்துவவாதி. 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கக் கிளம்பியபோது எழுந்து எதிர்த்தவர். பட்டம் எப்படியும் கொடுத்துவிட்டார்கள். குண்டு பல உயிரைக் காப்பாற்றியது என்பதை வைத்துக்கொண்டே அவர் பேசினார்: குற்றமற்றவர்களைக் கொல்வதையே வழியாக எடுத்துக்கொண்டால் அது கொலைதான், எந்த நல்ல முடிவும் அதை மாற்றாது. நிபந்தனையற்ற சரணாகதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே இந்த இக்கட்டை உண்டாக்கியது என்றும் கேட்டார். தம்பிக்கு நான் இதைச் சொன்னபோது, "அந்தம்மா சயாமுக்குப் போகல" என்றான். அதுவும் சரி. ஆனால் சயாமுக்குப் போன தாத்தாவும் அந்தச் சீருடைப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், விமர்சனம் எழுதிவிட்டு நழுவக்கூடாது. தாத்தா வீடு திரும்பினார் என்பதற்காக நான் சந்தோஷப்படலாம். அவர் திரும்பிய வழி நியாயமானது என்று சொல்ல வேண்டிய கடன் எனக்கு இல்லை. குண்டால் யாருக்கு என்ன பலன் கிடைத்தது என்பது ஒரு கேள்வி. 12 வயதுப் பிள்ளை நிற்கும் தெருவைக் குறிவைக்கலாமா என்பது வேறு கேள்வி. எங்கள் வீட்டில் எழுபது ஆண்டு இரண்டையும் ஒன்றாகவே பேசினோம். 1963-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கில் நஷ்டஈடு தர மறுத்தது, அதே தீர்ப்பில் குண்டு வீச்சு சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்றும் எழுதியது. தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே இரவில் ஒரு லட்சம் பேரைப் பொசுக்கிய 1945 மார்ச் டோக்கியோத் தீக்குண்டுகளுக்கு உலகம் இந்த அளவு வரிசையில் நிற்கவில்லையே என்று கேட்கிறான். நல்ல கேள்வி, ஆனால் அது அந்தக் குண்டுகளையும் குற்றப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் கேள்வி, இந்தக் குண்டை விடுவிக்கச் சொல்லும் கேள்வி இல்லை.

அருங்காட்சியகத்தோடு விஷயம் முடிவதில்லை, பூங்காவில் நடக்க நேரம் வையுங்கள். கொரியர்களுக்கான நினைவுக்கல்லைப் பாருங்கள். கட்டாய வேலைக்கும் பிழைப்புக்கும் வந்து இங்கே இறந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில். 1970-இல் வைத்த அந்தக் கல் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது, உள்ளே வர 1999 ஆகிவிட்டது. நகரத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த அமெரிக்கப் போர்க்கைதிகள் 12 பேரும் அதே குண்டில் போனார்கள். மலேசியர்களுக்கு இன்னொன்று: ஜப்பான் தான் பிடித்த நாடுகளிலிருந்து பொறுக்கி அழைத்துவந்த மாணவர்களில் மலாயாக்காரர்கள் மூன்று பேர் அன்று ஹிரோஷிமாவில் இருந்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவருடைய கல்லறை இந்த நகரத்துப் புத்த கோவில் ஒன்றில் இருக்கிறது. பிழைத்தவர் ஊர் திரும்பிப் பிற்பாடு ஜப்பானிய மொழி ஆசிரியரானார். ஒரே நாட்டுக்காரரில் தாத்தாவைக் காப்பாற்றியதாகச் சொல்லும் குண்டு இவர்களைக் கொன்றது. இதைத் தாத்தாவிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூட்டம் பிடிக்காதவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்து காலை 7:30 நேரத்துக்குப் போங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் பாதியைக் கிழக்குக் கட்டடத்துக்கு மிச்சம் வையுங்கள். முடிந்தால் போகும் முன்பே பசிபிக் போரின் கடைசி ஆறு மாதத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், பலகைகள் அதைத் தெரிந்தவர்களிடம்தான் பேசுகின்றன. சின்னப் பிள்ளைகளைப் பிரதான கட்டடத்துக்குள் அழைத்துப் போவதற்கு முன் யோசிக்கவும். என்னைக் கேட்டால் பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பக்கத்திலேயே 2002-இல் திறந்த தேசிய நினைவு மண்டபம் இலவசம், கூட்டமும் குறைவு. உயிர் தப்பியவர்கள் எழுதியதையும் பேசியதையும் உட்கார்ந்து படிக்கலாம், கேட்கலாம். 5-க்கு 4. டிசம்பர் 30, 31 இரண்டு நாளும் அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஆண்டு இறுதி விடுமுறையில் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளவும்.